மந்தையைக் கழுவிய தண்ணீர்

பெண்கள் கபடி ஆடும் ஊர் என்று எழுதிக்கொடுத்துத்தான் எங்கள் ஒத்தப்புளிப்பட்டிக்கு விளையாட்டு மைதானத்துக்கான சர்க்கார் பணத்தை வாங்கினார்கள். அந்தப் பெண்களைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை. எழுதிய பிறகு அவர்களிடம் சொல்லவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், எங்கள் ஊர்க்காரர் எவராவது பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "தங்கப்பொண்ணா? அவ ஊரை எதுத்தவ சார்" என்று சொன்னால் நீங்களும் உச்சுக்கொட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவீர்கள்.

தங்கப்பொண்ணு எனக்குப் பெரியப்பா மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். தினமும் செக்கானூரணிக்கு நடந்துபோய் ஒன்பதாவது வரை படித்தாள். அங்கே இருந்த டிரில் டீச்சர்தான் பெண்களுக்குக் கபடி கற்றுக்கொடுத்தவர். படிப்பு அக்காவுக்குச் சுமாராக வந்தது. கபடி நன்றாக வந்தது. வயதுக்கு வந்தவளை இவ்வளவு தூரம் நடக்கவிடுவது சரியில்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அதைவிடத் தூரத்தில் இருந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள்.

கட்டிய வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தாள். அந்த ஆள் குடித்துவிட்டு வந்து மிதிப்பான். ஒருநாள் வாசலில் வைத்து மிதிக்கக் காலைத் தூக்கியவனின் கணுக்காலைப் பிடித்து மல்லாத்திவிட்டு, உடுத்திய சேலையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி உறவை அறுத்துவிட்டார்கள்.

"ஏன்டி, ஆம்பளையப் போயிக் காலப் புடிச்சு வாரலாமா?" என்று அவள் அம்மா முருகம்மாள் அழுதார்.

"அவன் காலைத்தான நீட்டுனான். கைய நீட்டியிருந்தாக் கையப் புடிச்சிருப்பேன்" என்றாள் அக்கா.

புருசனை வாரிவிட்டவள் என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. களை எடுப்பாள், நாற்று நடுவாள், கடலை பிடுங்குவாள். வேலை முடிந்து வந்ததும் தெருவில் இருந்த பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அப்பாவின் வயலுக்குப் போவாள். அறுப்பு முடிந்து வயல் காலியாகக் கிடக்கும் மாதங்களில் மட்டும்தான் இந்த ஆட்டம். பயிர் ஏறிவிட்டால் ஆட்டம் இல்லை. முதலில் நாலைந்து பேர் வந்தார்கள், பிறகு அக்காவையும் சேர்த்து ஒன்பது பேர் ஆனார்கள். அக்காவைத் தவிர எல்லாரும் பதினைந்துக்கு மேல், இருபதுக்குள். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஆடினார்கள்.

நான் அப்போது மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் அப்பா ஒரு ஜோடி மாட்டை விற்று வாங்கிய பட்டம் அது. ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். "ஏ பியே, எப்ப வந்த?" என்பார்கள்.

ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பெண்களுக்கு ஒரு போட்டி நடக்கப்போகிறது என்று நான் வந்து சொன்னதும் அக்கா மற்ற எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தாள். புதுமண்டபத்தில் தையல்காரர் முன்னால் போய் நின்று, அரைக்கால் டவுசர் ஒன்பது வேண்டும் என்றாள்.

"தம்பிமாருக்கா?" என்றார் தையல்காரர்.

"எங்களுக்குத்தாண்ணே. அளவெடுங்க."

அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. "முழங்காலுக்குக் கீழ வரைக்கும் இறக்கித் தச்சுரவாமா?"

"தடுக்கி விழுந்தா எனக்குப் பதிலா நீங்க வந்து ஆடுவீங்களா?"

பக்கத்துத் தையல்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் முழங்காலுக்கு மேலேயே தைத்துக் கொடுத்தார். அந்தப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் இரண்டாவதாக வந்தார்கள். எங்கள் ஊரில் யாரும் அதற்கு முன் எதிலும் இரண்டாவதாகக்கூட வந்ததில்லை. கோப்பையை வைக்க இடம் இல்லாமல் முருகம்மாள் பெரியம்மா அதை உப்புப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

இனி மந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு நடுவே கருப்புசாமி கோவில். அதன் முன்னால் புளியமரத்திலிருந்து கிணற்று மேடுவரை பெரிய பொட்டல். அதுதான் மந்தை. ஆண்கள் அங்கே உட்காருவார்கள், படுப்பார்கள், பஞ்சாயத்துப் பேசுவார்கள், தைமாதம் கபடிப் போட்டி நடத்துவார்கள். பெண்கள் கால் அதில் படக்கூடாது. சாமி கும்பிடுவதென்றாலும் எல்லைக் கல்லுக்கு வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிற பெண், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக, மந்தையைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும். ஏன் என்று கேட்டால், "கருப்பு துடியான சாமி" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. எனக்கும் அது சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம். சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி.

எண்பத்து மூன்றில் மழை இல்லை. வயல்கள் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. அந்த வெடிப்பில்தான் பிள்ளைகள் ஆடினார்கள். மாயக்காள் என்கிற பெண் பிடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடும்போது வெடிப்புக்குள் கால் மாட்டிக் கணுக்கால் முறிந்தது. அவள் அப்பா வந்து அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தினார். மற்ற தாய்மார்களும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "ஆடுறதா இருந்தா ஒழுங்கான தரையில ஆடுங்க, இல்லையா, வீட்டுல கெடங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியாயிற்று. அக்காவுக்கு வேண்டியது சம்பளமோ வேலையோ அல்ல. விழுந்தால் எலும்பு முறியாத ஒரு தரை. அதுவும் அந்த மாதமே வேண்டும். இல்லாவிட்டால் குழு கலைந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மந்தையில் லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கியது.

கிராமத்து மைதானங்களைச் சீர்செய்ய சர்க்கார் கொடுத்த பணம் என்றார்கள். பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். முறையில் எங்களுக்கு மாமா. மண்ணைச் சலித்துக் கொட்டினார்கள், கல்லைப் பொறுக்கினார்கள், ஓரத்தில் ஒரு அறையும் எழும்பியது. அக்கா எல்லைக் கல்லுக்கு வெளியே நின்று அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"மாமா, இதுல நாங்களும் ஆடிக்கிறலாமா?"

காசிமாயன் கூட இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா இது, பெட்டக் கோழி கூவிப் பொழுது விடியணும்ங்குது! ஆத்தா, பணம் வேணா சர்க்காரோடதா இருக்கலாம். மந்தை கருப்போடது. ஒங்களுக்குத்தான் ஒங்க சித்தப்பன் வயக்காடு இருக்குல்ல?"

"அதுலதான் மாயக்கா காலு ஒடிஞ்சிருச்சு மாமா."

"அப்ப ஆடாதீக."

இரண்டு வாரம் கழித்து ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மண்ணைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், புளியமரத்து நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். பிறகு எல்லார் முன்னாலும் கேட்டார்: "பெண்கள் டீம் இருக்குன்னு எழுதித்தானேய்யா இந்த ஊருக்குப் பணம் வாங்கினீங்க? அவங்க உடை மாத்த ரூம் வேணும்னுதானே இதைக் கட்டியிருக்கு? எங்க அந்தப் பொண்ணுங்க? திறப்பு விழா அன்னிக்கு அவங்க ஆடணும். பார்த்துட்டுத்தான் மீதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவேன்."

நான் அன்றைக்கு ஊரில் இருந்தேன். என் காதால் கேட்டேன். ரேஸ் கோர்ஸில் வாங்கிய அந்தக் கோப்பையைச் சொல்லித்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள்! பக்கத்து ஊர்கள் எல்லாம் கேட்டும் கிடைக்காத பணம் எங்களுக்குக் கிடைத்தது இந்த ஒன்பது பிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்பினால். அவர்கள் எல்லைக் கல்லுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர்கள் பெயர் மட்டும் உள்ளே போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும். இதற்கு என்ன பெயர்? வயல்காட்டில் அடுத்தவன் வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டினால் திருட்டு என்று இதே மந்தையில் உட்கார்ந்து அபராதம் போடுகிறார்களே, இதற்கு யார் அபராதம் போடுவது?

அன்று சாயங்காலம் காசிமாயன் மாமா அக்கா வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டு வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. முருகம்மாள் பெரியம்மா பதறிப்போய் ஒரு பலகையை முந்தானையால் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க தம்பி. ஏதாச்சும் குடிக்கிறீகளா?"

"அதெல்லாம் வேணாம்க்கா. நம்ம பிள்ளைகளோட தெறம ஊருக்கே பெரும, பாத்துக்கிருங்க. அதிகாரி வாராரு. ஒரு அரமணி நேரம் ஆடிக் காட்டிட்டாப் போதும்."

அக்கா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. "எங்க ஆடணும் மாமா? சித்தப்பா வயல்லயா?"

"என்ன ஆத்தா கேலி பண்ற? மந்தையிலதான்."

"எங்க காலு பட்டா மந்தை என்ன ஆகுறது?"

"ஒரு நாளைக்கு கருப்பு கோவிச்சுக்கிற மாட்டான்."

அக்கா குழவியை நிறுத்தினாள். "ஒரு நாளைக்குன்னா நான் வரல. என்னைக்கும் ஆடலாம்னா வாரேன். அதையும் இங்க ஒக்காந்து சொல்லக் கூடாது. கருப்பு முன்னால சூடத்தை அணைச்சுச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீறுகிறவன் கிடையாது. வீடு நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீதிப் பணம் வராவிட்டால் செம்மண் லாரிக்காரன் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பான். ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பூசாரி வீரணன் கருப்பு காலடியில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். பெண்கள் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். மாமா வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"கேக்கல மாமா!" என்று அக்கா இங்கிருந்து கத்தினாள். "சாமிக்குக் காது நல்லாக் கேக்கும், எங்களுக்குத்தான் மந்தம். சத்தமாச் சொல்லுங்க!"

"எங்க ஊருப் பொம்பளப் பிள்ளைக இந்த மந்தையில என்னைக்கும் ஆடலாம். கருப்பு மேல சத்தியம்!" என்று கத்திவிட்டுச் சூடத்தை அடித்து அணைத்தார்.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு ரேடியோ கட்டினார்கள். நாட்டார்மங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்கள் குழுவை வரவழைத்தோம். எங்கள் பிள்ளைகள் எல்லைக் கல்லைத் தாண்டும்போது ஒரு நொடி தயங்கினார்கள். அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்ததும் பின்னாலேயே போய்விட்டார்கள். எங்கள் ஊரில் நல்ல தரையில் அவர்கள் ஆடி அன்றுதான் பார்த்தேன். விழுந்தார்கள், எழுந்தார்கள், யாருக்கும் தோல்கூட உரியவில்லை. கடைசியாகப் பாடி ஏறிப்போனபோது எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்க, அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டில் விரலை வைத்தாள். மந்தையில் இருந்த அத்தனை ஆண்களும் விசில் அடித்தார்கள். காசிமாயன் மாமாவே எழுந்து துண்டைச் சுழற்றினார். அதிகாரி கைதட்டினார். கையெழுத்துப் போட்டார். ஜீப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் தண்டோரா. "மந்தை தீட்டுப்பட்டுப் போனதால கழுவிவிடணும், வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாங்க சாமியோவ்!"

அக்கா நேராகப் போய் மாமாவைப் பிடித்தாள். நானும் கூடப் போனேன்.

"சத்தியம் என்னாச்சு மாமா?"

"சத்தியம் சத்தியந்தான்த்தா." அவர் முகத்தில் ஒரு நிம்மதியான சிரிப்பு. இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார் என்று அந்தச் சிரிப்பே சொன்னது. "என்னைக்கு வேணாலும் ஆடுங்க. யாரு வேணாங்குறது? ஆடுன மறுநா மந்தையக் கழுவிவிடணும், அம்புட்டுத்தான். அது சாமி வழக்கம். வீட்டுக்கு ஒரு குடம்."

"மாமா, இது பொதுப் பணத்துல போட்ட மண்ணு" என்றேன் நான்.

"ஏ பியே, ஒன் படிப்ப ஆபீஸுல வச்சுக்க. ஒங்கப்பன் மாட்ட வித்தது நீ எனக்குப் பாடம் நடத்தவா?"

அவர் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. குடம் சுமப்பது பெண்கள்தான். அந்த வருஷத்தில் எங்கள் கிணற்றில் தண்ணீர் இல்லை, ஊற்று மட்டும்தான். உள்ளே இறங்கிச் சிரட்டையால் மொண்டு, கயிற்றில் கட்டி மேலே இழுத்து, ஒரு குடம் நிறைய ஒரு பொழுது ஆகும். அந்த நிலைமையில் பிள்ளைகள் ஆடும் ஒவ்வொரு தடவையும் எல்லா வீட்டுப் பெண்களும் ஒரு குடம் அதிகமாகச் சுமந்தால், பிள்ளைகளை யார் திட்டுவார்கள்? ஆண்கள் வாயே திறக்க வேண்டாம். பெண்களே பெண்களை அடித்து விரட்டிவிடுவார்கள். இதைச் சாமி வழக்கம் என்கிறார்!

அக்கா வீட்டிலிருந்தும் ஒரு குடம் போக வேண்டும். பெரியம்மாவுக்கு முடியாது. அக்காவே கிணற்றில் இறங்கி மொண்டு, தலையில் தூக்கி, மந்தையைச் சுற்றிக்கொண்டு வந்து எல்லைக் கல்லில் இறக்கி வைத்தாள். ஆண்கள் அங்கிருந்து தூக்கிக்கொண்டு போய் ஊற்றினார்கள். தன் கால் பட்ட இடத்தைக் கழுவத் தானே தண்ணீர் சுமந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அக்கா பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு மந்தைக்குள் போனாள். கழுவிய தண்ணீரில் புழுதி எல்லாம் அடங்கி, மண் மெத்து மெத்தென்று இருந்தது. காலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாத் தெளிச்சு வச்சிருக்காய்ங்கடி. நம்ம தெளிச்சிருந்தாக்கூட இம்புட்டுப் பதமா வந்திருக்காது. கோட்டைப் போடுங்க."

மறுநாள் தண்டோரா. மறுபடியும் வீட்டுக்கு ஒரு குடம். சாயங்காலம் மறுபடியும் ஆட்டம்.

கிணற்று மேட்டில் அக்கா வாங்கிய பேச்சுக்கு அளவில்லை. காசிமாயன் மாமாவின் மனைவி ஒச்சாயிதான் எல்லாரையும்விடச் சத்தம். பிரசிடெண்ட் வீட்டுக் குடம் முதல் குடமாக வர வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே கிணற்றில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

"புருசன் வீட்டுல வாழத் துப்பில்ல, மந்தையில டவுசரு போட்டுக் குதிக்கிறா. இவ குதிக்கிறதுக்கு நாங்க தண்ணி சொமக்கணுமாக்கும்!"

"நானுந்தான் சொமக்குறேன் அத்தை" என்றாள் அக்கா, சிரட்டையால் மொண்டுகொண்டே. "தண்ணி கேக்குறது நானா? கேக்குறவுகளக் கேளுங்க."

"வாயி! இந்த வாயிக்குத்தான் ஒன்னைய அத்துவிட்டான்."

ஒரு பெண்ணின் அம்மா மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். மாயக்காளும் படுத்திருக்க, ஏழு பேர் மிச்சம். ஆட்டத்துக்குச் சரியாக ஏழு பேர் வேண்டும். இன்னும் ஒரு பிள்ளை நின்றாலும் குழு இல்லை. முருகம்மாள் பெரியம்மாகூட, "விட்ரு ஆத்தா. கோப்பை ஒண்ணு இருக்குல்ல, போதும்" என்று கெஞ்சினார். அக்கா கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

நான் மதுரை தல்லாகுளத்தில் இருந்த சர்க்கார் அலுவலகத்துக்குப் போய் மேலதிகாரி ஒருவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பொண்ணுங்க ஆடறாங்கல்ல?"

"ஆடறாங்க சார்."

"யாரும் தடுக்கலையே?"

"தடுக்கலை சார், ஆனா..."

"அப்புறம் என்ன தம்பி? அவங்க தரையைக் கழுவறாங்க. நல்லதுதானே? ஊர் வழக்கத்துல நாங்க தலையிட முடியாது." மேலே மின்விசிறி சுற்றியது. மேசையில் மூடி போட்ட டம்ளரில் தண்ணீர் இருந்தது. எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். சட்டத்தில் இவர்களுக்கு ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் இவர்களுக்கு அது வழக்கம்!

அந்த உடை மாற்றும் அறையையும் சொல்ல வேண்டும். அதில் காசிமாயன் மாமாவின் உர மூட்டைகள் ஏறிவிட்டன. பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் வேலிமறைவில்தான் உடை மாற்றினார்கள்.

பெண்களை வைத்துப் பெண்களை அடக்கும் மாமாவின் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வந்துவிட்டது. அதைக் கெடுத்தது அவர் வாயில் இருந்த வெற்றிலை.

அது ஐந்தாவதோ ஆறாவதோ கழுவல். ஊற்றுச் சுரப்பே நின்றுபோய்ச் சேற்றுத் தண்ணீர்தான் வந்தது. ஒச்சாயி அத்தை அதைத் துணியில் வடிகட்டி ஒரு குடம் சேர்த்து, மந்தையைச் சுற்றிக் கொண்டுவந்து எல்லைக் கல்லில் இறக்கினார். பின்னால் வரிசையாகப் பெண்கள். இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் தன் புருசனைப் பார்த்தார். புளியமரத்து நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்து, அந்தக் குடத்தில் கையை விட்டு ஒரு கை அள்ளி வாயில் ஊற்றி, வெற்றிலையைக் கொப்பளித்து, மந்தையில் புளிச்சென்று துப்பினார். இரண்டாவது கை அள்ளப் போனார்.

"நில்லு!" என்றார் அத்தை.

மாமா கையைக் குடத்துக்கு மேலேயே நிறுத்தினார்.

"இப்ப என்ன செஞ்ச?"

"என்னாடி? வாயக் கொப்பளிச்சேன்."

"எங்க துப்புன?"

மாமா கீழே பார்த்தார். செம்மண்ணில் செக்கச்செவேலென்று எச்சில். பூசாரி வீரணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்ம பெத்து வளத்த பொம்பளப் பிள்ளைக மிதிச்சா தீட்டு. ஒன் எச்சி தீட்டு இல்லையா? மூத்திரம் பேயுறவன், குடிச்சிட்டு உருளுறவன், எவனுக்காச்சும் இந்த மந்தையக் கழுவியிருக்கமா? பேரப்பிள்ளைக்குக் கஞ்சிக்கு ஒல வைக்கத் தண்ணி இல்லாம அடுப்ப அணைச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்யா நானு!"

"ஏய், சத்தம் போடாத. சாமி எடம்."

"சாமிக்குத் தண்ணி வேணும்னா சாமியே வந்து எறச்சுக்கிறட்டும். கெணறு இந்தா இருக்கு."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். வீட்டுக்குத் திரும்பினார். சுற்றிக்கொண்டு போகவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி, கருப்பு முன்னால், மந்தையின் நடுவே, குறுக்காக நடந்தார். ஈரப் பாதம் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்மண்ணில் பதிந்தது. அந்தப் பக்கம் போய் ஏறியதும்தான் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "அம்மாடி, எம்புட்டுக் கிட்டக்க இருக்கு!" என்றாள். பிறகு வரிசையே குறுக்கே நடந்தது, எல்லாக் குடங்களோடும்.

கருப்பு ஒன்றும் செய்யவில்லை. செய்வான் என்று இரண்டு நாள் காத்திருந்து பார்த்தார்கள்.

அப்போதும் ஆண்கள் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்த தடவை பிள்ளைகள் ஆடிய மறுநாள் காலையிலும் தண்டோரா போட்டார்கள். ஒரு குடம் வரவில்லை. வேண்டுமானால் அவர்களே இறைத்து ஊற்றியிருக்கலாம். கிணறும் இருந்தது, கயிறும் இருந்தது, எருமை மாதிரி இருபது ஆண்களும் இருந்தார்கள். சாமி மேல் அவ்வளவு பக்தி உள்ள ஒருவன்கூட கிணற்றுக்குள் இறங்கவில்லை. இத்தனை தலைமுறையாகக் கட்டிக் காத்த சுத்தம், சுமக்க ஆள் இல்லை என்றதும் ஒரே காலையில் முடிந்துபோயிற்று! அவர்கள் மனம் மாறினார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

அன்று சாயங்காலம் நான் புளியமரத்தடியில் நின்றேன். தரை காய்ந்து புழுதியாகக் கிடந்தது. காசிமாயன் மாமா மட்டும் மந்தையில் தனியாக, கையில் வேப்பங்குலையோடு, எதையோ செய்ய வந்து செய்ய முடியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அக்கா பிள்ளைகளோடு வந்தாள். பூட்டி வைத்த பிள்ளையும் வந்திருந்தாள். சுண்ணாம்பு டப்பாவைச் சாய்த்துக் கோடு போட்டுக்கொண்டே வந்த அக்கா, மாமாவின் காலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா" என்றாள், மரியாதையாகத்தான். "கோட்டு மேல நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லைக் கல்லில் குடத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த ஒச்சாயி அத்தையைப் பார்த்தார். பிறகு வேப்பங்குலையைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அவர் நின்ற இடத்திலும் அக்கா கோட்டை இழுத்து முடித்தாள்.